தொலைக்கிற ஆளோட குடும்பம் நடத்தறது: தேடிக் குடுக்கறதா, டேக் போடறதா, தட்டு வைக்கறதா?

"பாத்தியா?" எங்க வீட்ல ஒரு நாளைக்கு அதிகமா காதுல விழற வார்த்தை இதான். என் சாவிய பாத்தியா, என் கண்ணாடிய பாத்தியா, இங்கதானே வச்சேன் பாத்தியா. கல்யாணமான புதுசுல இத நிஜமாவே கேள்வின்னு நெனச்சு "பாக்கலயே"ன்னு பதில் சொல்லிட்டு என் வேலைய பாத்துட்டு இருந்தேன், அப்புறம்தான் புரிஞ்சுது "எந்திரிச்சு வந்து தேடிக் குடு"ங்கறத இவரு இவ்ளோ மரியாதையா சொல்றாருன்னு.

இவரு மறதிக்காரர்னு மொத்தமா முத்திரை குத்தவும் முடியாது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் கோவத்துல சொன்ன ஒரு வாக்கியத்த கமா ஃபுல்ஸ்டாப்போட திருப்பி சொல்வாரு. ஆனா அஞ்சு நிமிஷம் முன்னாடி கையில இருந்த பர்ஸ் எங்கன்னா அப்படியே முழிப்பாரு.

ஒரு நாள் காலைல ஒரு கால்ல ஷூ, இன்னொரு கால் வெறுங்கால், கதவுகிட்ட நின்னுட்டு சட்டை பாக்கெட், பின் பாக்கெட், மறுபடியும் சட்டை பாக்கெட்னு தட்டிப் பாத்துட்டே இருக்காரு, ஏதோ நடுவுல சாவி அதுவா வந்து உக்காந்திருக்கும்ங்கற மாதிரி. நான் சோஃபா குஷனெல்லாம் தூக்கிப் போட்டு கைய உள்ள விட்டு துழாவிட்டு இருக்கேன். உள்ள வாஷிங் மெஷின் ஓடுது. ஓடறதுல நடு நடுவுல "டடக்... டடக்"னு ஒரு சத்தம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்திட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். நேத்து போட்ட பேண்ட். மெஷின் கதவு லாக் ஆயிருச்சு, முடிய இன்னும் 38 நிமிஷம்னு காட்டுது. இவரு என் சாவிய எடுத்துட்டு கெளம்பிட்டாரு, நான் ஈரச் சாவிக்காக மெஷின் முன்னாடி காவல் இருந்தேன்.

அன்னிக்குதான் முடிவு பண்ணேன், இதுக்கு மக்கள் சொல்ற வழியெல்லாம் ஒண்ணொண்ணா ட்ரை பண்ணி எது நிக்குது எது விழுதுன்னு பாத்துடலாம்னு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த அனுபவத்த வச்சுதான் இத எழுதறேன், உங்க வீட்லயும் இப்படி ஒரு ஆள் இருந்தா (இல்ல அந்த ஆளே நீங்கன்னா) எத முதல்ல செய்யலாம்னு முடிவெடுக்க உதவும்.

எந்த வழிக்கும் போறதுக்கு முன்னாடி பொருள் எப்படி தொலையுதுன்னு கொஞ்ச நாள் கவனிங்க. நான் இத செய்யாம நேரா கடைல போய் சாமான் வாங்கி ஏமாந்தேன். காலண்டர் தாள் பின்னாடி ஒரு மாசம் குறிச்சு வச்சேன், என்ன தொலைஞ்சுது, எங்க கெடச்சுது, அவ்ளோதான். பாத்தா மூணு விதமா பிரிஞ்சுது.

பாதிக்கு மேல, கை பொருள கீழ வைக்கும்போது மனசு வேற எங்கயோ இருந்த கேஸ். ஃபோன் பேசிட்டே உள்ள வந்திருப்பாரு, சாவி கையில இருந்து எங்கயோ எறங்கிருக்கும். ஹார்வர்டு மனவியல் பேராசிரியர் டேனியல் ஷாக்டர் ஞாபகம் சறுக்கற விதங்கள ஏழா பிரிச்சாரு, அதுல இந்த கவனக்குறைவு தனியா ஒரு வகை. இதுல விஷயம் என்னன்னா அவரு மறக்கவே இல்ல, மறக்கறதுக்கு முதல்ல மனசுல பதிஞ்சிருக்கணுமே. பதியாத ஒண்ண "நல்லா யோசிச்சுப் பாருங்க, கடைசியா எங்க வச்சீங்க"ன்னு கேக்கறது ரெக்கார்ட் பட்டன அமுக்காம விட்டுட்டு வீடியோவ தேடற மாதிரி. நான் வருஷக் கணக்கா அந்த கேள்விய கேட்டிருக்கேன்.

ரெண்டாவது வகை ரொம்ப மோசம், அதுக்கு பேரு "பத்திரமா வச்சேன்". இவரு பாஸ்போர்ட்ட ஒரு தடவ பத்திரமா வச்சாரு. மூணு நாள் தேடினோம். பீரோ, ஃபைல், பெட்டி, மெத்தைக்கு அடில எல்லாம். கடைசில ஒரு பழைய ஃபோனோட காலி டப்பாவுக்குள்ள, அந்த அட்டைத் தடுப்புக்கு கீழ இருந்துச்சு. ஏன் அங்கன்னு கேட்டா "அங்க யாரும் தேட மாட்டாங்கன்னு". சரிதான், நாங்களும் தேடல. 1986-லயே வினோகிராட், சோலோவேன்னு ரெண்டு பேர் இதப் பத்தி ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, பொருளுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லாம வச்சா நல்லா ஞாபகம் இருக்கும்னு ஜனங்க நம்பறாங்க, ஆனா பின்னாடி கேட்டா அந்த மாதிரி வச்சதத்தான் அதிகமா கோட்ட விடறாங்க. அதனால எங்க வீட்ல இப்போ "பத்திரமா"ங்கற வார்த்தைக்கே தடை.

மூணாவது, வெளிய விட்டுட்டு வர்றது. குடை, தண்ணி பாட்டில், ஹெட்ஃபோன். இது எண்ணிக்கைல கம்மி, நஷ்டத்துல அதிகம்.

சரி, இனி ஒவ்வொரு வழியா வரேன்.

முதல் வழி எல்லா வீட்லயும் ஏற்கனவே நடக்கறதுதான், நம்மளே தேடிக் குடுக்கறது. இதுல ஒரு பெரிய நல்லது இருக்குன்னு ஒத்துக்கணும், இதுதான் இருக்கறதுலயே வேகமானது. எனக்கு வீடு மனப்பாடம், இவரு இருபது நிமிஷம் தேடறத நான் ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுவேன், ஆஃபீஸ்க்கு லேட் ஆகாது, பிபி ஏறாது. ஆனா அந்த ரெண்டு நிமிஷம் என் ரெண்டு நிமிஷம். நான் ஏதாச்சும் படிச்சிட்டு இருப்பேன், இல்ல மீட்டிங்ல இருப்பேன், அதுக்கு நடுவுல "டிவி ரிமோட் எங்க"ன்னு மெசேஜ் வரும். அதோட நான் எடுத்துக் குடுக்க குடுக்க, எங்க வச்சோம்னு கவனிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லாம போயிடுது. பொருள் அவரோடது, ஞாபகம் வச்சுக்கற வேலை என்னோட மூளைக்கு.

இங்க ஒரு அசிங்கமான உண்மையும் சொல்லிடறேன். தொலையறதுல ஒரு பங்கு என்னாலதான். நான் கண்ணுல படறத எல்லாம் எடுத்து ஒழுங்கா வைக்கற ஜாதி. இவரு டேபிள் மேல வச்ச பென் டிரைவ நான் டிராயர்ல போட்டிருப்பேன், போட்டதே எனக்கு ஞாபகம் இருக்காது, அப்புறம் இவரு "இங்கதான் வச்சேன்"னா "எங்க வச்சீங்களோ"ன்னு ஒரு பார்வை. ஒரு தடவ லேப்டாப் சார்ஜர் காணோம்னு அரை நாள் அவர வறுத்தெடுத்துட்டேன், பழைய கதை எல்லாம் இழுத்தாச்சு, அழுகை வரைக்கும் போயாச்சு. சாயங்காலம் என் பேக்ல கைய விட்டா சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அழகா உள்ள இருக்கு. ரப்பர் பேண்ட் போடற ஆள் வீட்ல நான் ஒருத்திதான். அதுலேருந்து ஒரு விதி, அவரோட பொருள நான் எடத்த மாத்தறதா இருந்தா ஒரே ஒரு இடத்துக்குத்தான் மாத்துவேன், அந்த தட்டுக்கு (தட்டு கதை கீழ வருது). இத செஞ்சதுக்கே "பாத்தியா" கொஞ்சம் கொறஞ்சுது, செலவு ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது வழி, திட்டறது. ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. திட்டு வாங்கிட்டு பதட்டத்துல தேடற ஆளுக்கு கண்ணு முன்னாடி இருக்கறதே தெரியாது. இவரு ஒரு தடவ கண்ணாடிய தலைல ஏத்தி விட்டுட்டு பத்து நிமிஷம் தேடினாரு, நானும் எதுக்க நின்னு பத்து நிமிஷம் திட்டினேன், திட்டற மும்முரத்துல எனக்கும் தெரியல.

மூணாவது வழிதான் எனக்குப் பிடிச்சது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம். எல்லாரும் சொல்றதுதான், ஆனா சொல்ற விதத்துலதான் தப்பு. நானும் முதல்ல அழகா ஒரு மரத்துல செஞ்ச சாவி ஸ்டாண்ட் வாங்கி பெட்ரூம் கதவு பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டினேன். ஒரு வாரம் தொங்குச்சு சாவி. அப்புறம் ஸ்டாண்ட் மட்டும் தொங்குச்சு. எனக்கு ஒரே கோவம், இத்தன செஞ்சும் இந்த மனுஷன் திருந்தலயேன்னு. அப்புறம் ஒரு மூணு நாள் ஒண்ணும் சொல்லாம அவரு வீட்டுக்குள்ள வர்றத மட்டும் கவனிச்சேன். கதவத் தெறக்கறாரு, செருப்பக் கழட்ட குனியறாரு, குனியறப்போ கைல இருக்கறது எல்லாம் ஷூ ரேக் மேல எறங்குது. மூணு நாளும் அதே. சில நாள் ஃபோன் வந்தா மட்டும் நேரா உள்ள போயிடறாரு, அன்னிக்குத்தான் சாவி காணாம போகுது. அதாவது அவரு கைக்கு ஏற்கனவே ஒரு இடம் தெரியும், நான்தான் அத விட்டுட்டு எனக்கு அழகா தெரிஞ்ச எடத்துல ஆணி அடிச்சிருக்கேன்.

ஸ்டாண்ட கழட்டிட்டு ஷூ ரேக் மேல ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வச்சேன். இதுல சில நுணுக்கம் இருக்கு, அனுபவத்துல சொல்றேன். கொக்கி வேணாம், கொக்கில மாட்டறதுக்கு குறி பாக்கணும், தட்டுல சும்மா போட்டா போதும். மூடி வச்ச டப்பா கூடவே கூடாது, மூடியத் தெறக்கற அந்த ஒரு நொடி வேலைக்கே சோம்பேறித்தனம் வந்து மூடி மேலயே வைப்பாங்க, அங்கருந்து உருண்டு விழும். தட்டு சின்னதா இருக்கணும். முதல்ல பெருசா வச்சேன், ரெண்டே வாரத்துல பில்லு, சில்லறை, திருகாணி, யாரோ குடுத்த விசிட்டிங் கார்டுன்னு குப்பைத்தொட்டி ஆயிருச்சு, சாவி அதுக்கு அடில தொலைஞ்சுது, தட்டுக்குள்ளயே தொலைஞ்சுது. கையளவு தட்டுக்கு மாத்தினேன். பிளாஸ்டிக் வேணாம்னு சொல்ல ஒரு காரணம், எவர்சில்வர் தட்டுல சாவி விழுந்தா "கிளிங்"னு சத்தம் வரும். நான் உள்ள ரூம்ல இருந்தாலும் கேக்கும். சத்தம் கேக்கலன்னா உள்ளேருந்தே "கிளிங் வரலயே"ன்னு ஒரு குரல் குடுப்பேன், அவரு சிரிச்சிட்டே திரும்பிப் போய் போடுவாரு. திட்டு மாதிரியும் இல்ல, ஞாபகப்படுத்தின மாதிரியும் ஆச்சு. இப்போ அந்த சத்தம் வரலன்னா அவருக்கே ஏதோ கொறையுதாம்.

எத்தன நாள் ஆகும்னா, 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு சொல்றத நம்பாதீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் பண்ண ஆய்வு 2010-ல ஜர்னல்ல வந்துச்சு, ஒரு புது பழக்கம் தானா நடக்க சராசரியா 66 நாள் ஆகுதாம், ஆளுக்கு ஆள் 18 நாள்லேருந்து 254 நாள் வரைக்கும் போகுதாம். எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு மேலயே ஆச்சு. அதே ஆய்வுல நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா குடி முழுகிடாதுன்னும் இருக்கு, மூணாவது வாரம் ஒரு நாள் தப்பினதுக்கு "அவ்ளோதான், உங்களால முடியாது"ன்னு நான் கத்தினதுக்கு அர்த்தமே இல்ல.

இந்த வழியோட ஓட்டை எதுன்னா, வீடு பூரா சுத்தற பொருளுக்கு இது ஒத்து வராது. சாவியும் பர்ஸும் உள்ள வந்ததும் ஓரிடத்துல எறங்கற பொருள். கண்ணாடி, கத்திரிக்கோல், பேனா, சார்ஜர் எல்லாம் ஆளோடயே அலையற ஜாதி. அதுக்கு நாலாவது வழி, ரெண்டு மூணா வாங்கிப் போடறது.

டூப்ளிகேட்ட நிறைய பேர் கேவலமா பாப்பாங்க, தொலைக்கறவனுக்கு இன்னொண்ணு வாங்கிக் குடுத்தா எப்படி திருந்துவான்னு. நான் அந்தக் கட்சி இல்ல. சார்ஜர் ரூமுக்கு ஒண்ணு, கத்திரிக்கோல் ரெண்டு, நகவெட்டி ரெண்டு, வாசிக்கற கண்ணாடி படுக்கைகிட்ட ஒண்ணு டேபிள்ல ஒண்ணு, இதுல போற காசு ஒரு ஞாயித்துக்கிழமை சண்டைய விட மலிவு. ஆனா ஒரு நிபந்தனை, ஒவ்வொண்ணும் ஒரு ரூமுக்கு சொந்தமா இருக்கணும். நாங்க மொதல்ல அப்படி பண்ணல, அதனால வீட்ல ஆறு பேனா இருந்தும் எழுத ஒண்ணு கூட இல்லாத நாள் வந்துச்சு, எல்லாம் ஒரே ரூம்ல போய் கூட்டம் போட்டிருந்துச்சு. இப்போ கலர் டேப் ஒட்டிருக்கு, செவப்பு டேப் ஒட்டினது ஹாலுக்கு, நீலம் பெட்ரூமுக்கு. பாக்கறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். கண்ணாடில இன்னொரு தந்திரம், பவர் மாறினப்புறம் பழைய கண்ணாடிய தூக்கிப் போடாதீங்க, கண்ணாடிய தேடறதுக்கே கண்ணாடி வேணுமே. சாவிக்கு டூப்ளிகேட் உண்டு, ஆனா எண்ணிக்கைய கணக்குல வச்சுக்கங்க, நம்பற ஆள்கிட்ட குடுத்து வைங்க, மிதியடிக்கு அடிலயும் பூந்தொட்டிக்கு அடிலயும் திருடன்தான் மொதல்ல பாப்பான். ஐடி கார்டு, பாஸ்போர்ட்டுக்கு இந்த வழி கெடையாது, அதுக்கு ஒரே ஃபைல், ஒரே அலமாரி, வெளில "பாஸ்போர்ட்"னு கொட்டை எழுத்துல ஒட்டிருக்கணும். டப்பா, தலகாணி உறை, புத்தகத்துக்குள்ளன்னு புத்திசாலித்தனம் காட்டவே கூடாது.

அஞ்சாவது, எல்லாரும் இப்போ கேக்கற டிராக்கர் டேக், அதாவது பொருளோட மாட்டி விட்டு ஃபோன் வழியா தேடற சின்ன வில்லை. இவரு இதத்தான் மொதல்லயே வாங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு, கேட்ஜெட்னா அவருக்கு உசுரு. நான் வேணாம்னேன். இப்போ சொல்றேன், ரெண்டு பேர் சொன்னதும் பாதி சரி.

ஆப்பிள் ஏர்டேக் 2021 ஏப்ரல்ல வந்துச்சு. சாம்சங்குக்கு ஸ்மார்ட்டேக், ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு கூகிள் 2024-ல தொடங்கின நெட்வொர்க்ல வேலை செய்யற டேகுங்க, டைல்னு அதுக்கும் முன்னாடிலேருந்து ஒண்ணு. வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது பிராண்ட இல்ல, தொலைக்கற ஆளோட ஃபோன் என்னன்னு. ஏர்டேக் ஐஃபோனோ ஐபேடோ இல்லாம ஓடாது, சாம்சங் டேக் கேலக்ஸி ஃபோன் இல்லாம ஓடாது. வீட்ல ஒருத்தர்கிட்ட ஐஃபோன், இன்னொருத்தர்கிட்ட ஆண்ட்ராய்டுன்னா ஏர்டேக ரெண்டு பேரும் பகிர்ந்துக்க முடியாது, அந்த சாவி யாரோடதோ அவரோட ஃபோனுக்கு ஏத்தத வாங்குங்க.

வேலை செய்யற விதம் ரெண்டு. வீட்டுக்குள்ள ப்ளூடூத் எட்டற தூரத்துல இருந்தா ஃபோன்லேருந்து டேக கத்த விடலாம், ஐஃபோன் 11-லேருந்து வந்த பெரும்பாலான மாடல்ல எந்தப் பக்கம் எவ்ளோ தூரம்னு அம்புக்குறி கூட காட்டும். வெளிய தொலைஞ்சா, அந்தப் பக்கமா போற மத்தவங்க ஃபோன் அத மோப்பம் புடிச்சு இடத்த நமக்கு அனுப்பும், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆள் நடமாட்டம் இல்லாத எடத்துல விழுந்தா இது கைய விரிச்சுடும். டேக்குக்குள்ள ஜிபிஎஸ் இருக்குன்னு நெனச்சு வாங்கறவங்க நிறைய, ஏர்டேக்ல அது கெடையாது. என்னப் பொறுத்தவரைக்கும் கத்தறத விட உபயோகமானது, பொருள விட்டுட்டு நகர்ந்தா "விட்டுட்டு போற"ன்னு ஃபோன்ல வர்ற எச்சரிக்கை, ஐஃபோனோட சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 15-லேருந்து இருக்கு. மேல சொன்ன மூணாவது வகைக்கு, வெளிய விட்டுட்டு வர்றதுக்கு, மருந்துன்னு பாத்தா இது ஒண்ணுதான். வீட்டுக்கு மட்டும் அத ஆஃப் பண்ணி வைங்க, இல்லன்னா மாடிக்கும் கீழுக்கும் போறப்பல்லாம் அலறும்.

நாங்க செஞ்ச தப்பு ஒண்ணு. செட் பண்ணது நான்தானேன்னு டேக என் அக்கவுண்ட்லயே போட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவரு ஃபோன்ல வார்னிங், யாரோட டேகோ உங்க கூடவே வருதுன்னு. யாரையும் தெரியாம பின்தொடரக் கூடாதுன்னு வச்ச பாதுகாப்பு அது, நல்லதுதான். சாயங்காலம் வந்து ஃபோன நீட்டிட்டு "சாவியத் தேடறதுக்கா, என்னத் தேடறதுக்கா?"ன்னாரு. சிரிச்சிட்டேதான் கேட்டாரு, ஆனா எனக்கு சுருக்குனு இருந்துச்சு. அவரு அக்கவுண்டுக்கு மாத்தி, அவரே எனக்கு ஷேர் பண்ணாரு. ஐஓஎஸ் 17-லேருந்து ஒரு ஏர்டேக இன்னும் அஞ்சு பேரோட பகிர்ந்துக்கலாம், பகிர்ந்தவங்களுக்கு அந்த வார்னிங் வராது. யார் பொருளோ அவங்க கையாலேயே இத செய்யட்டும், கேக்காம போட்டு விடற வேலை வேணாம்.

பேட்டரி சிஆர்2032 காயின் செல், ஏர்டேக்ல ஒரு வருஷத்துக்கு மேல வரும்னு ஆப்பிள் சொல்லுது. கொழந்தைங்க முழுங்கிடக் கூடாதுன்னு கசப்பு பூசின செல்லு விக்கறாங்க, அது சில சமயம் ஏர்டேக்ல எடுக்காதுன்னு ஆப்பிளே சொல்லிருக்கு. எடுக்காட்டி வேற செல்லு மாத்திக்கங்க, ஆனா சின்னக் கொழந்தை இருக்கற வீடுன்னா அந்த செல்லு விஷயத்துல விளையாடாதீங்க, முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய சுட்டுடும்.

டேகோட பெரிய தமாஷ், அதத் தேடற ஃபோனே காணாம போறது. எங்க வீட்ல இது நடக்காத வாரமே இல்ல. ஃபோனுக்கு காசு செலவில்லாத வழி இருக்கே, ஆண்ட்ராய்டுன்னா கூகிள் அக்கவுண்ட் வழியா, சைலண்ட்ல இருந்தாலும் முழு சத்தத்துல அஞ்சு நிமிஷம் அடிக்க விடலாம், ஐஃபோன்லயும் சைலண்ட மீறி அடிக்கும், கைல வாட்ச் இருந்தா அதுலேருந்தே பண்ணலாம். வாட்ச் ஃபோன தேடுது, ஃபோன் சாவிய தேடுது. அந்த வாட்ச் ஒரு நாள் பாத்ரூம்ல இருந்துச்சு.

முடிவா டேக பத்தி என் கணக்கு: சாவி, பர்ஸ், பை, இந்த மூணுக்கும் சரி. கண்ணாடில ஒட்ட முடியாது, பேப்பர்ல ஒட்ட முடியாது, எட்டு பொருள்ல எட்டு டேக்னா ஒவ்வொண்ணுக்கா செல்லு மாத்தறதே ஒரு தனி உத்தியோகம் ஆயிடும். தட்டு பழக்கம் வர்றதுக்கு முன்னாடியே டேக் வாங்கினா, அந்தப் பழக்கம் எப்பவுமே வராது, டேக் கத்தினா கெடைச்சுடுதேன்னு ஆயிடும். அதனாலதான் வரிசை முக்கியம்னு சொல்றேன்.

பொருளையே ஒழிச்சுக் கட்டற ஒரு வழியும் இருக்கு. கதவுக்கு நம்பர் பூட்டு போட்டுட்டா சாவின்னு ஒண்ணே இல்ல, இல்லாதது எப்படித் தொலையும். நல்லாதான் இருக்கு, ஆனா பேட்டரி தீர்ற வார்னிங்க மதிக்கற ஆள் வீட்ல ஒருத்தராவது இருக்கணும், வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேக்கணும். ஆனா ஃபோன் கவர்லயே கார்டு, பணம், ஐடி எல்லாம் சொருகிக்கறாங்க பாருங்க, அது மட்டும் வேணாம். நாலு தடவையா தொலையறது ஒரே தடவைல தொலையும்.

செலவே இல்லாத ஒரு வழி, வாய விட்டு சொல்றது. கேக்க கிறுக்குத்தனமா இருக்கும். வைக்கும்போது "சாவி தட்டுல"ன்னு சத்தமா சொல்லணும். மனசு வேற எங்கயோ இருந்தாலும் வாய் சொன்னா அந்த ஒரு நொடிக்கு கவனம் திரும்பி வந்துடும், அந்த ஒரு நொடி போதும். தேடும்போதும் உதவும், லூப்யன், ஸ்விங்லின்னு ரெண்டு பேர் 2012-ல காட்டினாங்க, தேடற பொருளோட பேர சொல்லிட்டே தேடறவங்க பொதுவா சீக்கிரம் கண்டுபுடிக்கறாங்கன்னு, பேர சொன்னதும் கண்ணு முன்னாடி வர்ற உருவத்துலயே பொருளும் இருந்தாத்தான். அதனால "சாவி, சாவி"ன்னு முணுமுணுத்துட்டே வீட்ட சுத்தறவர கிண்டல் பண்ணாதீங்க. கூடவே ஒரு "எப்போன்னா-அப்போ" முடிச்சு போட்டு விடணும். பீட்டர் கோல்விட்ஸர்னு ஒரு மனவியல்காரர் இதப் பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணவரு. "இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்"ங்கற சத்தியத்த விட "கதவு கைப்பிடியத் தொட்டா எல்லாம் இருக்கான்னு உடம்புல நாலு தட்டு தட்டிப் பாப்பேன்"ங்கறது நிக்கும். நாலு தட்டு எங்க வீட்டு கணக்கு: ஃபோன், பர்ஸ், சாவி, கண்ணாடி. தட்டிட்டே அவரு வெளிய போறத பாத்தா ஏதோ டான்ஸ் ஸ்டெப் மாதிரி இருக்கும்.

ஒண்ணு மட்டும் கிண்டல் இல்லாம சொல்லணும். சில பேருக்கு இது சோம்பேறித்தனமே கெடையாது. வேண்டிய பொருள அடிக்கடி தொலைக்கறதுங்கறது ஏடிஹெச்டிக்கு (கவனம் ஒரு இடத்துல நிக்காத மூளை சம்பந்தப்பட்ட கோளாறு) டாக்டருங்க பாக்கற டிஎஸ்எம்-5ங்கற மனநலக் கையேட்டுப் பட்டியல்ல கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறில ஒண்ணு. அது ஒண்ணு மட்டும் இருந்தா அர்த்தம் இல்ல, பெரியவங்களுக்கு குறைஞ்சது அஞ்சு அறிகுறி இருக்கணும், சிலது 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். சின்ன வயசுலேருந்து இப்படித்தான், கூடவே வேலைய பாதில விடறது, தேதி மறக்கறது எல்லாம் சேர்ந்து பொழப்பக் கெடுக்குதுன்னா ஒரு மனநல டாக்டர பாக்கறதுல தப்பே இல்ல. இன்னொரு பக்கம், இத்தன வருஷம் ஒழுங்கா இருந்த ஆளு திடீர்னு தொலைக்க ஆரம்பிச்சா அத வேற மாதிரி பாக்கணும். தூக்கம் இல்லாதது, மன அழுத்தம், டிப்ரஷன், தைராய்டு, பி12 குறைவு, சில மாத்திரைங்க, எது வேணா இருக்கலாம். வயசானவங்க சம்பந்தமில்லாத எடத்துல வச்சுட்டு, எப்படி வந்தோம் எங்க போனோம்னு பின்னாடி நடந்து யோசிக்கவும் முடியாம, யாரோ திருடிட்டாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சா தள்ளிப்போடாம காட்டிடுங்க. இவரு ஸ்கூல் படிக்கும்போதே மூணு டிஃபன் பாக்ஸ் தொலைச்சவரு, அவங்க அம்மாவே சாட்சி, அதனால எனக்கு அந்த ரெண்டாவது பயம் இல்ல.

யாராவது "ஒண்ணே ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டா தட்டுதான் சொல்வேன், கை தானா எறங்கற எடத்துல. அது நிக்கறதுக்கு ரெண்டு மாசம் டைம் குடுத்துட்டு, சாவிக்கும் பைக்கும் டேக். வீடு சுத்தற பொருளுக்கு டூப்ளிகேட். ஆள் பெரும்பாலும் வெளியதான் தொலைக்கறாருன்னா மட்டும் வரிசைய மாத்தி டேக மொதல்ல வாங்குங்க, தட்டு அங்க உதவாது. ரெண்டு பேருமே தொலைக்கற ஜோடின்னா நம்பர் பூட்டுக்கு நேரா போயிடுங்க.

நம்ம தேடிக் குடுக்கறத ஒரேயடியா நிறுத்தணும்னு சில பேர் சொல்வாங்க. நான் ட்ரை பண்ணேன், ஒரு வாரம். இவரு ஒரு மணி நேரம் மூஞ்ச தொங்கப் போட்டுட்டு தேடினாரு, எனக்கு சாவி எங்க இருக்குன்னு தெரியும், தெரிஞ்சும் உக்காந்திருந்தேன், அது ஏதோ தண்டனை குடுக்கற மாதிரி இருந்துச்சு, எனக்கே என்னப் பிடிக்கல. இப்போ எங்க ஒப்பந்தம் பத்து நிமிஷம். மொதல் பத்து நிமிஷம் அவரு தனியாத் தேடணும், பேர சொல்லிட்டே, தட்டு, நேத்து போட்ட பேண்ட், பை, சோஃபா இடுக்குன்னு அதே வரிசைல. பத்து நிமிஷம் ஆச்சுன்னா நான் எந்திரிப்பேன், வாயத் தெறக்காம எந்திரிப்பேன், அது என் பங்கு. பெரும்பாலும் ஏழாவது நிமிஷத்துல "கெடச்சிருச்சு"ன்னு சத்தம் வந்துடுது.

குடைக்கு மட்டும் எங்ககிட்ட வழி இல்ல. டேக் போட்டு பாத்தோம், குடைக் கைப்பிடில ஒட்டினது மழைல ஊறி கழண்டு எங்கயோ விழுந்துருச்சு, குடை வீட்டுக்கு வந்துச்சு, டேக் வரல. அதனால நல்ல குடை எனக்கு, தொலைஞ்சா மனசு வலிக்காத குடை அவருக்குன்னு பிரிச்சுட்டோம். இந்த மழைக்கு இதுவரைக்கும் ரெண்டு போச்சு. மூணாவது இப்போ ஷூ ரேக் பக்கத்துலதான் சாஞ்சு நிக்குது, கைப்பிடில செவப்பு டேப் சுத்தி.